முத்திரைத்தாளும் பட்டாளச் செலவும்

போன வாரம் வாடகை ஒப்பந்தம் எழுத தக்கலையில் முத்திரைத்தாள் வாங்கினோம். கூட வந்த அக்கா மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்காகவா மாமா அமெரிக்கா பிரிஞ்சு போச்சு?" என்று கேட்டான்.

"தாளுக்கு இல்ல மக்கா, பட்டாளத்துக்கு" என்றேன். மீதியை உதயகிரிக் கோட்டை மதில் நிழலில் உட்கார்ந்துதான் சொன்னேன்.

அமெரிக்கா அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. 1763-இல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 13 கோடி பவுண்டை நெருங்கியிருந்தது. கனடா கைக்கு வந்தாயிற்று, பிரெஞ்சுக்காரர்களும் போயாயிற்று. ஆனாலும் சுமார் 10,000 சிப்பாய்களை அமெரிக்காவிலேயே நிறுத்த லண்டன் முடிவு செய்தது. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று அதே ஆண்டு ஆணை வந்தது. அந்த எல்லையைக் காக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அதற்குத்தான் 1765-இன் முத்திரைச் சட்டம். பத்திரம், செய்தித்தாள், நீதிமன்றக் காகிதம், சீட்டுக்கட்டுக்குக்கூட வரி. ஆண்டுக்கு 60,000 பவுண்டு வரும் என்று கணக்குப் போட்டார்கள். அது படைச் செலவுக்கே காணாது.

எதிரி இருந்தபோது நாங்களும் சேர்ந்துதானே சண்டை போட்டோம், அவன் போன பிறகு யாரிடமிருந்து எங்களைக் காக்கிறீர்கள் என்றார்கள் அங்குள்ளவர்கள். எங்கள் சட்டசபையைக் கேட்காமல் எங்கள் பணத்தில் கைவைக்காதே என்றார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. ஆனால் மலையைத் தாண்டிப் பூர்வகுடிகளின் நிலத்தைப் பிடிக்கத் துடித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதையும் அவனிடம் சொன்னேன்.

1766-இல் சட்டம் ரத்தானது, சரி. பட்டாளம் போகவில்லை. 1768-இல் பாஸ்டன் நகருக்குள்ளேயே வந்து இறங்கியது. 1770 மார்ச் 5 அன்று அது சுட்டதில் 5 பேர் இறந்தார்கள்.

நம்ம ஊர்க் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1805 உடன்படிக்கைப்படி, கொல்லத்தில் நின்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்காகத் திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பாக்கி விழுந்தது, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே நெருக்கினார். தலக்குளத்தில் பிறந்த, திருவிதாங்கூர் திவானான வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் கொல்லத்துக்குப் பக்கத்துக் குண்டறையில் நின்று மக்களை எழச் சொன்னார். பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தது. அப்புறம் நாங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்த இந்தக் கோட்டையும் விழுந்தது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாம காசு கொடுத்து நிறுத்தின பட்டாளமா மாமா நம்மள அடிச்சது?" என்றான்.

"கொல்லத்துல அடிச்சது அதுதான் மக்கா. இங்க வந்தது கிழக்க திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து."