ஐந்து நாள் விட்டுப்போன மாத்திரை

குமுளியின் மார்கழிக் குளிரில் இரவு ஐந்து முறை எழுந்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் கழிவறைக்கு நடந்தேன். போய் நின்றாலும் உடனே வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான். வயதானால் இப்படித்தான் என்று இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தது என் தவறு.

கம்பத்தில் மருத்துவரைப் பார்த்தேன். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தது, புற்றுநோய்ச் சந்தேகம் இல்லை. ரத்த அழுத்தமும் இருந்ததால் டெராசோசின் எழுதினார். அது வீக்கத்தைக் கரைக்காது. புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் இறுகிக் கிடக்கும் தசையைத் தளர்த்தி வழிவிடும். ரத்தக் குழாய்களையும் அப்படியே தளர்த்துவதால் அழுத்தமும் இறங்கும். படுக்கப் போகும்போது 1 மில்லிகிராம், பிறகு 2, பிறகு 5 என்று மெல்ல ஏற்றினார். சில வாரங்களில் இரவில் ஒருமுறை மட்டுமே எழுந்தேன். மூக்கடைப்பும் பகலில் கொஞ்சம் அசதியும் இருந்தன, பொறுத்துக்கொண்டேன்.

பேத்தியின் காதணி விழாவுக்கு ராஜபாளையம் போனபோது மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஐந்து நாள் கழித்துத் திரும்பிய இரவே பழையபடி 5 மில்லிகிராம் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் சிறுநீர் முட்ட, எழுந்து நின்றதுதான் நினைவு. கண் இருட்டியது. நிலைக்கதவில் மோதி விழுந்தேன். மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சேட்டன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். புருவத்தில் மூன்று தையல்.

"சில நாள் விட்டுவிட்டால் உடம்பு பழக்கத்தை இழந்துவிடும் ஐயா. மறுபடி ஒன்றிலிருந்துதான் ஏற வேண்டும். என்னைக் கேட்காமல் தொடங்காதீர்கள்" என்றார் மருத்துவர். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்று மனம் கொதித்தது. இப்போது எழுந்ததும் கட்டிலின் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துதான் நிற்கிறேன்.

மூக்கடைப்புக்கென்று கடையில் சளி மாத்திரை கேட்டு வாங்கிவிடாதீர்கள். அவற்றில் சில, திறந்த வழியை மறுபடி இறுக்கி, சிறுநீரையே அடைத்துவிடும்.

தேனியில் கண்புரை அறுவைக்குப் போனபோது, "பிரஷர் மாத்திரை உண்டா?" என்று கேட்டார்கள். ஆம் என்றதோடு நிறுத்தாமல் அட்டையையே எடுத்து நீட்டினேன். இந்த மருந்தால் அறுவையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலம் (ஐரிஸ்) தொய்ந்துவிடக்கூடும் என்று சொல்லி, பெயரைச் சீட்டின் மேலே சிவப்பு மையில் எழுதிக்கொண்டார் கண் மருத்துவர்.