சில்ஸ் பி1 பேச்சுத் தேர்வு: என்னை விழுத்தியதும் எழுப்பியதும் ஒரே அசை

சில்ஸ் என்ற இத்தாலிய மொழித் தேர்வை நடத்தும் சியெனா வெளிநாட்டினர் பல்கலைக்கழகத்திலிருந்து என் பி1 (இடைநிலை) முடிவு வந்துவிட்டது. பேச்சில் 20க்கு 15. போன முறை 9. மற்ற நான்கு பகுதிகளும் தேர்ச்சிக்கான 11ஐத் தாண்டியிருந்ததால் 18 மாதக் கெடுவுக்குள் பேச்சை மட்டும் திரும்பக் கொடுத்தேன். நேற்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இலக்கணம் எனக்குப் பிரச்சினையே இல்லை. வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழும் என்பதில்தான் சறுக்கினேன். (கீழே அழுத்தமுள்ள அசையை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதுகிறேன்.) பெற்றோர் கிராமத்தில் வசிக்கிறார்கள் என்று சொல்ல வந்து 'அ-பி-தா-னொ' என்றேன். எதிரில் இருந்தவர் புரியாமல் நிமிர்ந்து பார்த்தார். அதோடு என் பேச்சு தடுமாறிவிட்டது. சரியானது 'ஆ-பி-த-னொ'. 'நாம்' வடிவத்தில் அ-பி-தியா-மொ, 'நீங்கள்' வடிவத்தில் அ-பி-தா-தெ என்று அழுத்தம் விகுதிக்கு நகரும். அந்தப் பழக்கத்தில் 'அவர்கள்' வடிவத்தையும் இழுத்திருக்கிறேன்.

வழி ஒன்றுதான். நிகழ்காலத்தில் 'அவர்கள்' வடிவத்தைச் சொல்லுமுன் 'நான்' வடிவத்தை மனதுக்குள் சொல்லுங்கள். அங்கே கனக்கும் அசைதான் இங்கேயும் கனக்கும். தெ-லே-ஃபொ-னொ (தொலைபேசுகிறேன்), தெ-லே-ஃபொ-ன-னொ (தொலைபேசுகிறார்கள்). மூன்று வாரம், தினம் இருபது வினை, நடந்துகொண்டே வாய்விட்டுச் சொன்னேன். வேறு எதுவும் செய்யவில்லை. உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இது ஒத்துவருமா தெரியாது, எனக்குக் கால் நடந்தால்தான் வாய் வரும்.

அப்புறம் சில:

- ஸ்தூ-திய-னொ (படிக்கிறார்கள்), ஆனால் இன்-வீ-அ-னொ (அனுப்புகிறார்கள்). இதையும் 'நான்' வடிவமே காட்டிக்கொடுக்கும்: ஸ்தூ-தியொ, இன்-வீ-ஒ.
- பேர்-தொ-னொ என்றால் இழக்கிறார்கள். பெர்-தோ-னொ என்றால் மன்னிக்கிறேன். எழுத்தில் இரண்டும் ஒன்றே.
- வெ-தே-ரெ (பார்க்க), ஆனால் லேஜ்-ஜெ-ரெ (வாசிக்க). விதி தேடாதீர்கள், மனப்பாடம்தான்.
- இரட்டை மெய் நடுவில் உடையும், நம் அம்-மா போல. பர்-லெ-ரே-மொ 'பேசுவோம்', பர்-லெ-ரேம்-மொ 'வாய்ப்பிருந்தால் பேசுவோம்'. படம், பட்டம் பிரித்துக் கேட்கும் காது நமக்கு உண்டு, பயன்படுத்துங்கள்.
- வினையின் முடிவில் 'மி' (எனக்கு) போன்ற பிரதிப்பெயர் ஒட்டினாலும் அழுத்தம் நகராது: தெ-லே-ஃபொ-ன-மி (எனக்குத் தொலைபேசு).

பாடப்புத்தகத்தில் பொதுவாக அழுத்தக்குறி கடைசி அசைக்கு மட்டும்தான் இருக்கும். மற்றதற்கு அகராதியைத் திறந்தே ஆக வேண்டும்.

பேச்சைப் பதிவு செய்து சியெனாவுக்கு அனுப்பித்தான் மதிப்பெண் போடுகிறார்கள். உங்கள் முகமும் கையும் அங்கே போகாது. ஆகவே உங்கள் தனிப்பேச்சைக் கைபேசியில் பதிந்து, மறுநாள் காலையில், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.