காசில்மெய்ன் காட்டில் பொன் அரித்தல்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் தேடக் கிளம்புகிறவர்கள் மண்வெட்டிக்கும் முன்னால் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற அனுமதிச் சீட்டை வாங்கிவிட வேண்டும். இணையத்திலேயே கிடைக்கிறது. 30 டாலருக்குள் முடிந்துவிடும், பத்து வருஷம் செல்லும். சீட்டு கையில் இருந்து, இடமும் சரியானதாக இருந்தால், கண்டெடுக்கும் தங்கம் நம்முடையது.

இந்தச் சீட்டின் கதை தெரிந்த பிறகு அதைச் சாதாரணக் காகிதமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. 1851இல் இங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும், தோண்டுகிற ஒவ்வொருவரும் மாதம் 30 ஷில்லிங் கட்ட வேண்டும் என்று அரசு சட்டம் போட்டது. தங்கம் கிடைத்தாலும் கட்ட வேண்டும், கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். சீட்டு இல்லாதவர்களைப் போலீஸ் குழிகளுக்குள் தேடிப் பிடித்தது. அந்தக் கோபம்தான் 1854 டிசம்பர் 3 அன்று பல்லராட் தங்கவயலில் யுரேகா கலகமாக வெடித்து, பலர் உயிரைக் கொண்டுபோனது. அடுத்த வருஷமே மாதக் கட்டணம் ஒழிந்து, வருஷத்துக்கு ஒரு பவுண்டில் மைனர்ஸ் ரைட் வந்தது. அதை வைத்திருந்தவர்களுக்கு ஓட்டும் கிடைத்தது. என் கைபேசியில் இருக்கும் சீட்டு அதன் வாரிசு.

சீட்டு இருப்பதால் எங்கு வேண்டுமானாலும் தோண்டலாம் என்றில்லை. இடம் தேடுவதுதான் பெரிய வேலை. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். ஜியோவிக் என்று மாநில அரசின் வரைபடத் தளம் ஒன்று இருக்கிறது. அதில் அரசு நிலம், தனியார் நிலம், சுரங்க உரிமம் உள்ள இடம் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டேட் ஃபாரஸ்ட் எனப்படும் அரசுக் காடுகளில் பெரும்பாலும் அனுமதி உண்டு. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கிடையாது, சிலவற்றில் மட்டும் குறிப்பிட்ட பகுதிகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தனியார் நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும், நடப்பில் உள்ள சுரங்க உரிமத்துக்குள் விழுந்தால் அந்த உரிமக்காரரைக் கேட்க வேண்டும். சில ஆறுகளும் ஓடைகளும் முழுவதுமாக விலக்கப்பட்டவை. பழைய வரைபடத்தைப் பார்த்து ஆசை ஆசையாக நாங்கள் குறித்து வைத்த ஒரு பள்ளத்தாக்கு, ஜியோவிக்கில் பார்த்தபோது பாதிக்கு மேல் தடைப் பகுதிக்குள் கிடந்தது. விட்டுவிட்டு வேறு இடம் பார்த்தோம். எல்லைக் கோட்டுக்கு இருபதடி உள்ளே நின்றுகொண்டு ‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கடைசியில் காசில்மெய்ன் பக்கம் முடிவானது. மெல்பர்னிலிருந்து கல்டர் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். 1851 ஜூலையில் ஆடு மேய்க்கும் ஒருவர் அங்கே ஸ்பெசிமன் கல்லி என்ற பள்ளத்தில் தங்கம் கண்டார். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து இறங்கினார்கள். காட்டுக்குள் நடந்தால் இன்றைக்கும் அந்த அமளி தெரிகிறது: கறுத்த பட்டையோடு நிற்கும் அயர்ன்பார்க் மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகக் கொத்திக் குதறிய மண், இடிந்த கல் புகைபோக்கிகள், மூடாமல் விட்ட குழிகள். கண்ணைக் காலடியிலிருந்து எடுக்கவே கூடாது. சில குழிகள் எவ்வளவு ஆழம் போகும் என்று மேலே நின்று சொல்ல முடியாது.

போகும் வழியில் பென்னிவெய்ட் ஃப்ளாட் குழந்தைகள் கல்லறைக்குப் போனோம். 1850களில் சுமார் 200 பேரை, பெரும்பாலும் குழந்தைகளை, அங்கே புதைத்திருக்கிறார்கள். கெட்ட தண்ணீரும் வயிற்றுப்போக்கும் கொண்டுபோன பிள்ளைகள். கெட்டியான தரையில் ஆழமாகத் தோண்ட முடியாமல் கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தங்கம் தேட வருகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை வந்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் கருத்து.

எங்களோடு வந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், இந்த வேலையில் பழக்கமானவர். நான் வேகவேகமாக மேல்மண்ணை வழித்துக்கொண்டிருந்தேன். “அங்க எடுக்காத தம்பி. தங்கம் பாரம். தண்ணி வேகம் குறையிற வளைவின்ர உள்பக்கத்தில, அடிப்பாறை வெடிப்புக்குள்ளதான் போய் இருக்கும்” என்றார். தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம், அதைச் சுமந்து வரும் குவார்ட்ஸ் கல்லோ இரண்டரை மடங்குக்குச் சற்றே அதிகம். மலையில் உள்ள குவார்ட்ஸ் பாளம் சிதைந்து ஓடையில் உருண்டு வரும்போது, கனமான தங்கம் அடியில் தங்க, லேசான கல் மேலே போய்விடுகிறது.

ஓடை வறண்டு கிடந்தது. அதனால் பாறை இடுக்கு மண்ணைக் குச்சியால் சுரண்டி வாளியில் சேர்த்து, வண்டியில் கொண்டு வந்திருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி அதற்குள் தட்டால் அரித்தோம். அம்மா அரிசியில் கல் அரிப்பாரே, அதே கை அசைவுதான். கல்லும் களிமண்ணும் போய், கடைசியில் ஒரு விரல் கருமணல் நிற்கும். அதன் ஓரத்தில்தான் பார்க்க வேண்டும். என் தட்டில் ஏதோ பளபளத்ததும் கத்திவிட்டேன். அண்ணை தட்டை வாங்கினார். “வெயிலுக்க மினுங்கிறதெல்லாம் பொன் இல்லை. நிழலுக்குக் கொண்டு வந்து பார், அங்கயும் மஞ்சளா நிண்டா அதுதான்.” நிழலில் அது மங்கிப்போனது. வெறும் மைக்கா, காக்காப்பொன். மதியத்துக்குப் பிறகு வந்த ஒரு பொட்டு நிழலிலும் மஞ்சளாகவே நின்றது. கடுகில் பாதிகூட இருக்காது. என் மனைவி அதை ஈர விரல் நுனியில் ஒற்றி எடுத்து, தண்ணீர் நிறைத்த கண்ணாடிக் குப்பிக்குள் விட்டாள்.

கைக்கருவிகள் மட்டுமே அனுமதி: மண்வெட்டி, கொத்து, சல்லடை, தட்டு, மெட்டல் டிடெக்டர். இயந்திரமும் வெடியும் கூடாது. மரம் செடியை வெட்டக் கூடாது, பூர்வகுடிகளின் பண்பாட்டுத் தடயங்களைத் தொடக் கூடாது. இது ஜாஜா வுரங் மக்களின் நிலம். கிளம்பும் முன் தோண்டிய குழிகளை மூட வேண்டும். நாங்கள் மூடி, சருகையும் பழையபடி பரப்பிவிட்டு வந்தோம்.

நான் நீலகிரி கூடலூர்க்காரன். எங்கள் பக்கத்துத் தேவாலாவிலும் தங்கம் உண்டு. விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரௌ ஸ்மித்தை 1879இல் வரவழைத்து அந்த மலைகளை ஆராயச் சொன்னது ஆங்கிலேய அரசு. லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, சில வருஷங்களில் மூழ்கின. குழிகள் மட்டும் மிஞ்சின. அவற்றுக்குள் திருட்டுத்தனமாக இறங்கி மண் சரிந்து செத்தவர்களின் செய்தியைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். இறங்கியவர்கள் கூலி வேலைக்காரர்கள். அவர்களுக்குச் சட்டப்படி தோண்ட ஒரு வழியும் இல்லை. எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று வீட்டிலிருந்தே பார்க்க இங்கே ஒரு வரைபடம் இருக்கிறது. அங்கே அது இல்லாமல் போனதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

அடுத்ததாக மொலியாகுல் பக்கம் போகத் திட்டம். 1869இல் எழுபது கிலோவை ஒட்டிய வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் தங்கக் கட்டி அங்கேதான் ஒரு மரத்தடியில், தரைக்கு ஓரங்குலம் கீழே கிடந்தது. கோடையில் (இங்கே அது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை) பாம்பும் காட்டுத்தீயும் உண்டு என்பதால் மே மாதத்துக்குப் பிறகு கிளம்புகிறோம். அண்ணை டிடெக்டர் கொண்டு வருகிறார், வரைபடம் பார்ப்பது என் பொறுப்பு.