சாவி இருந்தும் திறக்காத சர்வர்

நான் பராமரிக்கும் மூன்று லினக்ஸ் சர்வர்களிலும் கடவுச்சொல் வழியான தொலைநிலை உள்நுழைவை நிறுத்திவிட்டு, சாவிக் கோப்பு வைத்திருப்பவர் மட்டுமே நுழைய முடியும்படி மாற்ற வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படித் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் என்ற கருவியே, பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டதைத் தொடர்ந்து 1995இல் பின்லாந்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் அது போகும் பாதையைக் காக்குமே தவிர, ஊகித்துவிடக்கூடிய கடவுச்சொல்லைக் காக்காது. எஸ்எஸ்ஹெச்சின் வாசலான 22ஆம் போர்ட்டை ஓயாமல் தட்டிப் பார்க்கும் நிரல்களின் தோல்விக் குறிப்புகளால், நடப்பதைப் பதிந்துவைக்கும் என் லாக் கோப்புகள் வீங்கிக் கிடந்தன.

எட்25519 என்ற குறியாக்க வகையில் ஒரு சாவி இணையை உருவாக்கி, என் கணினியிலேயே இருக்கும் தனிச்சாவிக்கு அதைப் பூட்டிவைக்கும் ஒரு மறைத்தொடரும் (பாஸ்ஃப்ரேஸ்) வைத்து, பொதுச்சாவியை முதல் சர்வருக்கு அனுப்பினேன். சோம்பலால் அந்த மறைத்தொடருக்கும் சர்வர் கணக்கின் கடவுச்சொல்லையே வைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த குழப்பம் முழுவதற்கும் அதுவே வேர். சோதித்துப் பார்த்தபோது திரையில் ஏதோ கேட்டது, நானும் வழக்கமான சொல்லை உள்ளிட்டேன், கதவு திறந்தது. சாவி வேலை செய்கிறது என்று முடிவு கட்டி, சர்வரின் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல்லை ஏற்கும் வரியை 'நோ' என்று மாற்றி, சேவையை மறுதொடக்கம் செய்து, திறந்திருந்த ஒரே இணைப்பையும் மூடிவிட்டேன். மறுபடி நுழைய முயன்றபோது வந்தது 'பர்மிஷன் டினைடு' என்ற ஒற்றை வரி.

விரிவான செய்திகளைக் காட்டும் 'வி' விருப்பத்தோடு இயக்கியபோது, என் கணினி சாவியை நீட்டுவதும் சர்வர் அதை மறுப்பதும் தெரிந்தன. ஏன் மறுக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. வெளியே நிற்பவனுக்குக் காரணம் சொல்லக் கூடாது என்பதுதான் அதன் வடிவமைப்பு, அது நியாயமும்கூட, ஆனால் வெளியே நிற்பது நாமாக இருக்கும்போது அந்த நியாயம் எளிதில் உறைப்பதில்லை. நல்லவேளையாக, சர்வரை வாடகைக்குத் தந்த நிறுவனத்தின் பக்கத்தில் உலாவி வழியாகவே திறக்கும் கன்சோல் ஒன்று இருந்தது. அது எஸ்எஸ்ஹெச்சைத் தொடாமல் நேரே இயந்திரத்தின் முன் உட்கார்வதைப் போன்றது என்பதால், அங்கே கடவுச்சொல் இன்னும் செல்லுபடியானது.

உள்ளே போய், உள்நுழைவு முயற்சிகள் பதிவாகும் 'ஆத் லாக்' கோப்பைத் திறந்ததும் விடை கிடைத்தது: என் ஹோம் கோப்புறையின் அனுமதிகள் சரியில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. பல மாதங்களுக்கு முன், சக பயனர் ஒருவர் கோப்புகளை நேரடியாக வைத்துக்கொள்ளட்டும் என்று அந்தக் கோப்புறைக்கு, குழுவினரும் எழுதக்கூடிய 775 அனுமதி கொடுத்திருந்தேன். குழுவில் உள்ள வேறொருவர் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும், யாருடைய பொதுச்சாவிகளை ஏற்கலாம் என்ற பட்டியலை எஸ்எஸ்ஹெச் நம்பாது. சாவி தொடக்கத்திலிருந்தே நிராகரிக்கப்பட்டிருக்கிறது. நான் சோதித்த அன்று கேட்கப்பட்டது சாவியின் மறைத்தொடரே அல்ல, கணக்கின் கடவுச்சொல். இரண்டும் ஒரே சொல்லாக இருந்ததால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. சர்வர் பொதுச்சாவியை ஏற்றுக்கொண்ட பிறகுதான் என் கணினி மறைத்தொடரையே கேட்கும் என்பதும், கேள்வி வரியில் 'பாஸ்ஃப்ரேஸ்' என்று இருக்கிறதா 'பாஸ்வேர்டு' என்று இருக்கிறதா என்று பார்த்திருந்தாலே போதும் என்பதும் அப்போதுதான் உறைத்தன. அனுமதியை, நான் மட்டுமே எழுதக்கூடிய 755 ஆக்கியதும் முதல் முயற்சியிலேயே உள்ளே போய்விட்டேன். மறைத்தொடரையும் அப்போதே மாற்றினேன்.

இரண்டாம் சர்வர் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது: 'நோ' என்று எழுதிய பிறகும் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே இருந்தது. முதன்மை அமைப்புக் கோப்பின் தலைப்பகுதியிலேயே துணைக் கோப்புறை ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. அதில், சர்வரை நிறுவியபோது தானாக உருவான சிறு கோப்பில் 'யெஸ்' என்று இருந்தது. ஒரே அமைப்பு இரண்டு இடங்களில் வந்தால் எஸ்எஸ்ஹெச் முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும். சர்வர் பக்கத்து நிரலான எஸ்எஸ்ஹெச்டியின் கட்டளையைப் பெரிய 'டி' (T) விருப்பத்தோடு இயக்கினால் நடைமுறையில் உள்ள மதிப்புகள் வரிசையாக வந்துவிடும் என்பதால், கோப்புகளைத் துழாவ வேண்டியதே இல்லை.

மூன்றாம் சர்வரை மாற்றும்போது ஓர் இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, இன்னொரு முனையத்திலிருந்து, கடவுச்சொல் முறையை என் கணினியின் பக்கமே அணைத்துவிட்டு நுழைந்து பார்த்தேன். மறைத்தொடரைக் கேட்டது; கொடுத்தேன், திறந்தது. அதன் பிறகே சர்வரின் கோப்பில் கை வைத்தேன்.