போரஸின் யானைகள் எந்த மண்ணில் நின்றன?

பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு என் பொழுதுபோக்கு. போன மாதம், பொம்மைகள் நிற்கும் நான்கு பேஸ்களிலிருந்து, முடித்து வைத்திருந்த சேற்றைச் சுரண்டி எடுத்தேன். வண்ணம் காய்ந்து, பளபளப்பு வார்னிஷ் அடித்து, யானையும் வில்லாளிகளும் ஒட்டி முடித்த பேஸ்கள் அவை. ஏன் சுரண்ட வேண்டி வந்தது என்பதையும், பேஸ் தேர்ந்தெடுப்பது பற்றி இந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டதையும் எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்கொண்ட போர், கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாண்டருக்கும் பஞ்சாப் பகுதி மன்னன் போரஸுக்கும் நடந்தது. அந்த ஆற்றைத்தான் கிரேக்கர்கள் ஹைடாஸ்பஸ் என்றார்கள். பொம்மைகள் 15 மி.மீ. அளவு. ஓர் ஆள் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம், நிஜத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ரெசினில் 3டி பிரிண்ட் செய்து வாங்கினேன். இரண்டு பக்கப் படைகளையும் நானே செய்கிறேன், அப்போதுதான் யார் வந்தாலும் உட்கார்ந்து விளையாட முடியும்.

பொம்மையின் காலடியில் ஒட்டும் தட்டுக்குத்தான் பேஸ் என்று பெயர். விளையாட்டில் அதுவேதான் அளவுகோலும். நான் விளையாடுவது டிபிஏ (டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்) என்ற பழங்காலப் போர் விளையாட்டு விதிகள். இங்கிலாந்தின் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் 1990இல் வெளியிட்டது. ஒரு படைக்கு 12 பேஸ்கள்தான், மேசையில் இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும். 15 மி.மீ. பொம்மைகளுக்கு பேஸின் அகலம் 40 மி.மீ., பெரிய 25, 28 மி.மீ. பொம்மைகளுக்கு 60. மூன்றாம் பதிப்பில் நடக்கும் தூரம், அம்பு பாயும் தூரம் எல்லாமே பேஸ் அகலக் கணக்கில் இருக்கும். அகலத்தில் தவறு செய்தால் விளையாட்டே கோணலாகிவிடும்.

ஆனால் முதலில் எனக்கு ஆசை வந்தது வேறு ஒன்றின் மேல். 80 மி.மீ. அகலத்தில் பெரிய பேஸ் செய்து, நடுவில் ஒரு யானை, இரண்டு பக்கமும் பின்னாலும் காலாட்கள் என்று ஒரு காட்சியாகவே அமைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குக் காரணம் உண்டு. போரஸ் யானைகளை முன்வரிசையில் இடைவெளி விட்டு நிறுத்தினான், அந்த இடைவெளிகளின் பின்னால் காலாட்படை நின்றது என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஏரியன். யானைக்கும் யானைக்கும் நடுவே நூறு கிரேக்க அடியாம். தூரத்திலிருந்து பார்த்தால் யானைகள் கோபுரங்கள் போலவும், நடுவில் நின்ற வீரர்கள் மதில் போலவும், படை முழுவதும் ஒரு நகரம் போலவும் தெரிந்ததாக இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடரஸ் எழுதுகிறார். இதைப் படித்த பிறகு யானையைத் தனி பேஸில் தனியாக நிறுத்த மனம் வரவில்லை.

விளையாட்டு நண்பரிடம் சொன்னேன். அவரிடம் பத்து வருடமாகச் சேர்த்த படைகள் இருக்கின்றன, எல்லாம் 40 மி.மீ. அவர் சொன்னது: "அகலத்துல மட்டும் கை வைக்காதீங்க. ஆழத்தைப் பேசித் தீர்த்துக்கலாம்." யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. பெரிய பேஸில் ஒட்டிவிட்டால் யானையைக் காலாட்படையிலிருந்து பிரிக்க முடியாது. போரில் நடந்ததோ அவை பிரிந்ததுதான். காயப்பட்ட யானைகள் பாகனை இழந்து, நண்பன் பகைவன் பார்க்காமல் மிதித்தன. பிரிய முடியாத பேஸில் இந்தப் போரை ஆடவே முடியாது. அதனால் 40 மி.மீ. என்று முடிவு செய்தேன். நகரம் மாதிரித் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு, நான்கைந்து பேஸ்களைச் சேர்த்து வைக்கும் ஒரு தட்டு பிறகு செய்துகொள்வேன்.

அகலம் முடிந்ததும் ஆழம், அதாவது பேஸின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை. ஈட்டிக்காரர்களுக்கு 15, வில்லாளிகளுக்கு 20, குதிரைக்கு 30, யானைக்கும் தேருக்கும் 40 மி.மீ. என்பது விதி. தாளில் கோடு போட்டுப் பொம்மைகளை வைத்துப் பார்த்தேன். பேஸ் வெட்டக் கொடுக்கும் முன் இதை எல்லோரும் செய்ய வேண்டும், ஒரு மாலை நேரம்தான் செலவு.

யானையிலேயே சிக்கல் வந்துவிட்டது. தும்பிக்கையை நீட்டிக்கொண்டிருக்கும் யானை 40 மி.மீ. சதுரத்தில் அடங்காது. தும்பிக்கை வெளியே நீண்டால் எதிரிப் பேஸைத் தொட்டு வைக்கவே வழியில்லை. மூலைவிட்டமாக நிறுத்தினால் 56 மி.மீ. கிடைக்கிறது, ஆனால் யானை எங்கேயோ பக்கத்துத் தெருவைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கடைசியில் தும்பிக்கை சுருட்டியிருக்கும் உருவங்களாகப் பார்த்து எடுத்தேன். வாலைப் பின் விளிம்போடு ஒட்டி நிறுத்தி, தலையை மட்டும் லேசாகத் திருப்பி வைத்தேன். தந்தங்கள் இரண்டு மி.மீ. வெளியே வருகின்றன, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தேர்கள் அதைவிட நீளம். ஒவ்வொரு தேரையும் நான்கு குதிரைகள் இழுத்தன, ஆறு பேர் ஏறியிருந்தார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ்: கேடயம் பிடிப்பவர் இருவர், வில்லாளி இருவர், ஓட்டுபவர் இருவர். குதிரையும் வண்டியும் சேர்ந்து 40ஐத் தாண்டிவிடும். நண்பர் சொன்ன "பேசித் தீர்ப்பது" இங்கே உதவியது. தேர்களுக்கு மட்டும் 50 மி.மீ. ஆழம் என்று ஒத்துக்கொண்டோம்.

அலெக்சாண்டரின் மாசிடோனியப் பக்கத்தில் சரிசா என்ற நீள ஈட்டி. நிஜத்தில் ஐந்து மீட்டர் அளவுக்கு இருந்தது என்றால் இந்த அளவில் 50 மி.மீ. கம்பி. பேஸின் ஆழமோ 15தான்! முன்வரிசை ஈட்டியைக் கிடையாகத் தாழ்த்தினால் பேஸுக்கு வெளியே மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பேஸ் வைத்தால் பின்னால் இருப்பவரின் ஈட்டி முன்னால் இருப்பவரின் முதுகில் குத்தும். மாசிடோனிய அணிவகுப்பில் முன்னிருக்கும் ஐந்து வரிசைகள்தான் ஈட்டியைத் தாழ்த்தும், பின்வரிசைகள் மேல்நோக்கிச் சாய்த்துப் பிடிக்கும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விவரிக்கிறார். அவர் இந்தப் போருக்குப் பல தலைமுறை பிற்பட்டவர். இருந்தாலும் என் சிக்கலுக்கு வழி அதில்தான் கிடைத்தது. முன் பேஸ்களில் ஈட்டி 45 டிகிரி, பின் பேஸ்களில் கிட்டத்தட்ட நேர்க்குத்து. பார்க்கவும் அழகாக இருக்கிறது.

பலகைக்கு வருவோம். 2 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எடுத்தேன். 3 மி.மீ. கையில் பிடிக்க வசதி, ஆனால் இவ்வளவு சிறிய பொம்மைக்கு மேடை போட்ட மாதிரி தெரியும். 1 மி.மீ. என்றால் பேஸைத் தூக்கும்போது விரல் பொம்மை மேல்தான் போகும், வண்ணம் உரியும். பெயர்ப்பலகை செய்யும் ஒரு லேசர் கடையில் வெட்டினேன். லேசர் கதிர் தானே கொஞ்சம் பலகையை எரித்துத் தின்னும் என்பதை நான் வரைபடத்தில் கணக்கில் எடுக்கவில்லை. வந்தவை 39.8 மி.மீ. தனியாகப் பார்த்தால் தெரியாது. பத்து பேஸ்களை வரிசையாக வைத்தால் 2 மி.மீ. குறைகிறது. விளையாட்டைக் கெடுக்கும் அளவில்லை, வைத்துக்கொண்டேன். அடுத்த முறை கோட்டை 40.2 என்று வரைவேன். வெட்டிய விளிம்பில் கரி இருக்கும், ஈரத்துணியால் துடைக்காமல் வண்ணம் பூசாதீர்கள்.

முதல் இரண்டு பேஸ்களும் வாழைமட்டை போல வளைந்தன. தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேல்புறம் மட்டும் தடவியிருந்தேன். எம்டிஎஃப் ஒரு பக்கம் ஈரம் குடித்து உப்பி, காயும்போது இழுத்துக்கொண்டது. இப்போது முதல் வேலையே இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்துக் காய விடுவது. அதன் பிறகு ஒன்றும் வளையவில்லை.

இனி மண். இந்த வேலையில் எனக்கு உயிரே இதுதான்.

ஜீலம் போர் என்றதும் எல்லோரும் சொல்வது மழையையும் சேற்றையும்தான். அலெக்சாண்டர் ஆற்றைக் கடந்தது இடியும் மழையுமாக இருந்த இரவில். ஆறு பெருகி ஓடியது. அதனால் யோசிக்காமல் எல்லா பேஸையும் சேறாக்க ஆரம்பித்தேன். சுவருக்குப் பூசும் புட்டிப் பொடி, ஃபெவிகால், பழுப்பு அக்ரிலிக் வண்ணம் மூன்றையும் சேர்த்துக் குழைத்தேன். வண்ணத்தை உள்ளேயே கலந்துவிடுவதால் ஓரம் பெயர்ந்தாலும் வெள்ளை தெரியாது. மேலே பளபளப்பு வார்னிஷ் இரண்டு கோட். ஈரச் சேறு அப்படியே வந்தது, நான்கு பேஸ் முடித்துவிட்டேன்.

அப்புறம் ஒரு ராத்திரி ஏரியனைத் திரும்பவும் படித்தேன். சேற்றில் மாட்டியவை போரஸின் மகன் முதலில் கொண்டுவந்த தேர்கள். 120 தேர்கள், 2,000 குதிரை வீரர்கள். சேற்றில் அந்தத் தேர்கள் எதற்கும் உதவவில்லை, பின்வாங்கும்போது கனத்தால் நகர முடியாமல் குதிரைகளோடு பிடிபட்டன. ஆனால் போரஸ் தன் பெரிய படையோடு வந்தபோது சேறு இல்லாத இடத்தைத் தேடினான். மணலாக, மட்டமாக, கெட்டியாக, குதிரைகள் பாய்ந்து திரும்ப வசதியாக இருந்த தரையைக் கண்ட பிறகுதான் யானைகளை அணிவகுத்தான். அந்த வரியை நான் முன்பு கண்ணால் கடந்து போயிருக்கிறேன். ஒரு தளபதி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தரையை நான் சேறாக்கி வைத்திருந்தேன். அது போரஸுக்குச் செய்த அநியாயமாகத் தோன்றியது. மறுநாள் காலை கத்தியை எடுத்தேன்.

கர்ட்டியஸ் மட்டும் தரை வழுக்கியதால் வில்லாளிகள் வில்லை ஊன்ற முடியாமல் தவித்தார்கள் என்கிறார். அதை முழுவதும் ஒதுக்க மனமில்லை. அதனால் வில்லாளி பேஸ்களில் மணலுக்கு நடுவே ஒரு சிறு ஈரத் திட்டு வைத்தேன். யானைகளுக்குக் காய்ந்த மணல். சேறு முழுவதும் தேர்களுக்கு மட்டும்.

வில்லாளிகள் என்றதும் இன்னொன்று. இந்திய வில் ஆள் உயரம், அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடது காலால் அழுத்தி நாண் இழுத்தார்கள் என்று அலெக்சாண்டரின் கடற்படைத் தளபதி நியார்க்கஸ் சொன்னதாக ஏரியனே வேறிடத்தில் எழுதுகிறார். என் பொம்மைகளும் அந்த நிலையில்தான். இங்கே பேஸின் மேற்பரப்பு முக்கியம். ரெசின் பொம்மையின் காலடியில் சிறு தட்டு ஒன்று சேர்ந்தே வரும். அதை மறைக்கச் சுற்றிலும் புட்டி பூசுவோம். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் வில்லின் முனை மண்ணுக்குள் புதைந்துவிடும், குறைந்தால் அந்தரத்தில் நிற்கும். ஊசியால் ஒவ்வொரு வில்லுக்கும் தனியாகத் தொட்டு வைத்தேன். 16 வில்லுக்கு ஒரு முழு ஞாயிறு போனது.

நிறத்தில் என் கை தானாகப் போனது செம்மண்ணுக்கு. பழகிய கண்ணுக்கு மண் என்றால் அதுதானே! ஆனால் ஜீலம் கரைப் படங்களைப் பார்த்தால் சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு. கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஆற்று மணலில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்த பொடி மணலை மட்டும் ஒட்டினேன். வடிகட்டியில் தங்கியது இந்த அளவுக்குப் பாறாங்கல் மாதிரி இருக்கும். மேலே அடர் சாம்பல் பழுப்பு, அது காய்ந்ததும் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர் நிறம் ஒரு தேய்ப்பு. கரையோர நாணலுக்குத் தேங்காய் நார். பச்சையும் வைக்கோல் நிறமும் கலந்து தோய்த்து, சிறு கொத்தாகக் கட்டி நட்டேன். வெள்ளைப் பூ வைக்கவில்லை, வட இந்திய ஆற்றங்கரை நாணல் மழைக்குப் பிறகுதான் பூக்கும்.

பேஸின் விளிம்புக்குக் கறுப்பா, மண் நிறமா என்று கேட்பவர்கள் உண்டு. மண் நிறமே அடியுங்கள். கறுப்பு விளிம்பு பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் தரையில் கட்டம் போட்டுவிடும்.

எடுத்து வைக்க அடியில் காந்தத் தாள் ஒட்டினேன். சமையலறை எவர்சில்வர் டப்பாவை எடுத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. பெரும்பாலான எவர்சில்வரில் காந்தம் நிற்காது. பழைய பிஸ்கட் தகர டப்பா கச்சிதமாகப் பிடிக்கிறது. கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இன்றைய நிலவரம்: போரஸ் பக்கம் ஒன்பது பேஸ் முடிந்தது. மாசிடோனிய ஈட்டிப் படை ஆறு பேஸ் முடிந்தது, குதிரைப்படை இன்னும் வண்ணமே பார்க்கவில்லை. ஒரு தேரின் வலது சக்கரத்தை அச்சு வரைக்கும் புட்டிக்குள் இறக்கியிருக்கிறேன், வார்னிஷ் இன்னும் ஒரு கோட் வேண்டும். போரஸ் ஏறிய யானையின் பேஸ் வெறும் மணலோடு காத்திருக்கிறது. படை முழுக்க உடைந்த பிறகும் கடைசிவரை நின்று, போரஸின் வலது தோளில் காயம் பட்ட பிறகுதான் திரும்பிய யானை அது. அதன் காலடி மணல் மற்ற யானைகளின் மணலைப் போல மட்டமாக இருக்க முடியாது. பென்சிலின் பின்முனையால் ஈரப் புட்டியில் அழுத்திப் பார்த்தேன், யானைத் தடம் சரியான அளவில் விழுகிறது. நாளைக்கு அதைத்தான் செய்யப் போகிறேன்.