எட்டாம் வகுப்பில் வந்த ஆஃபர்

2017 ஜூன். டெக்ஸாஸிலிருந்து பக்கத்து மாநிலத்துக் கல்லூரி ஒன்றுக்கு ஃபுட்பால் கோடை முகாமுக்காகப் போயிருந்தோம். காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானத்தில் பையன்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் உயரம் அளந்தார், ஒருவர் எடை பார்த்தார், இன்னொருவர் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை டேப் பிடித்தார். என் மகன் எட்டாம் வகுப்பு முடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 14 வயது. 6 அடி 1 அங்குலம், 190 பவுண்ட்.

மதியம் கோச் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதலில் என் கணவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம், "உங்கள் குடும்பத்தில் உயரமானவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்டார். என் தாத்தா எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார் என்று பெருமையாகச் சொன்னேன். பையனின் ஷூ சைஸைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்புறம் எழுந்து அவனுக்குக் கைகொடுத்து, "எங்கள் கல்லூரியில் உனக்கு முழு ஸ்காலர்ஷிப் ஆஃபர் தருகிறோம்" என்றார்.

காரில் திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்.

இங்கே நான் சொல்லும் ஃபுட்பால் நம் ஊர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடுவது. நம் பிள்ளைகள் சிலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு விவரம் சொல்ல ஒருவரும் இல்லை. அடுத்த வீட்டுக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

முதலில், அந்த 'ஆஃபர்' என்ற சொல். அது வெறும் வாய்வார்த்தை. பையன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் வருடம் ஆகஸ்ட் 1 வரை எந்தக் கல்லூரியும் எழுத்தில் ஆஃபர் தரக்கூடாது என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. கையெழுத்துப் போடுவது அந்த வருடம் டிசம்பரிலோ பிப்ரவரியிலோதான். அதுவரை பையன் "நான் இங்கே வருகிறேன்" என்று சொல்வதும் அவனைக் கட்டுப்படுத்தாது, கோச் "நீ எங்களுக்கு வேண்டும்" என்று சொல்வதும் அவரைக் கட்டுப்படுத்தாது. அன்றைய விதிப்படி ஒரு பெரிய டிவிஷன், அதாவது மேல்நிலைப் பிரிவு, அணியில் மொத்தம் 85 ஸ்காலர்ஷிப். ஒரு வருடத்தில் புதிதாக 25 பேருக்குமேல் சேர்க்க முடியாது. ஆனால் வாயால் கொடுக்கும் ஆஃபருக்கு அளவே இல்லை. நூற்றுக்கணக்கில் கொடுப்பார்கள். இந்தக் கணக்கு எங்களுக்கு அன்று தெரியாது.

நாடே பேசிய ஒரு கதை இருக்கிறது. 2010இல் டேவிட் சில்ஸ் என்ற 13 வயதுப் பையன், ஏழாம் வகுப்பில் படிக்கும்போதே தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குக் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக) வருவதாக வாக்குக் கொடுத்தான். ஆஃபர் கொடுத்த கோச் லேன் கிஃபின். 2013இல் கிஃபினை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். சில்ஸ் அந்தக் கல்லூரிக்குப் போகவே இல்லை. கடைசியில் வெஸ்ட் வர்ஜீனியாவுக்குப் போய், பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாறி, 2017 சீசனில் 18 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) எடுத்தார். நன்றாகவே வந்தார். ஆனாலும் இந்தக் கதை எனக்கு 2017லேயே தெரிந்திருந்தால், ஒன்பதாம் வகுப்புப் பையனை வைத்துக்கொண்டு வீட்டில் கேக் வெட்டியிருக்க மாட்டேன்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு இரண்டும் ஓட்டத்திலேயே போயின. பள்ளிப் பயிற்சி, தனிப் பயிற்சி, சனி ஞாயிறில் முகாம், ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஹட்ல் என்ற இணையதளத்தில் வீடியோ வெட்டி ஏற்றுவது. அந்த வயதில் கல்லூரிக் கோச் பையனுக்கு மெசேஜ் அனுப்பக்கூடாது. அதற்கும் வழி இருந்தது. பள்ளிக் கோச்சிடம் சொல்லி அனுப்புவார்கள், "இன்றைக்கு எட்டு மணிக்கு அவரைக் கூப்பிடு" என்று. பையன் கூப்பிட்டால் அவர் எடுத்துப் பேசலாம். இரவு சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய், 15 வயதுப் பிள்ளை ஒரு பெரிய மனிதரிடம் அரைமணி நேரம் "யெஸ் சார், யெஸ் சார்" என்று பேசிவிட்டு வருவான். தோசை ஆறிப்போயிருக்கும். பத்தாம் வகுப்பு முடியும்போது முதலில் ஆஃபர் தந்த அந்தக் கல்லூரிக்கே கமிட் ஆவதாக, அதாவது அங்கேயே வருவதாக, வாக்குக் கொடுத்தான். நாங்களும் தலையாட்டினோம். அதற்குப் பிறகு வேறு கல்லூரிகள் எங்களைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டன. அதுதான் எங்கள் பெரிய தவறு.

அவன் அதன்பின் வளரவில்லை. 14 வயதில் மற்ற பையன்களைவிடத் தலை உயர்ந்து நின்றவன், 16 வயதில் அவர்களோடு சமமாக நின்றான். அந்தக் கல்லூரி தேடும் டிஃபென்சிவ் எண்ட்டுக்கு (தடுப்பு வரிசையின் ஓரத்தில் ஆடுபவருக்கு) 6 அடி 4 வேண்டும். அவன் அரை அங்குலம்தான் கூடியிருந்தான். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்வான். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதில் எல்லாம் ஒரே தடித்த கோடாகிவிட்டது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

2019 செப்டம்பர் 1. அவனோடு 2021இல் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்குக் கோச்கள் நேரடியாக மெசேஜ் அனுப்பலாம் என்ற நாள் அது. நள்ளிரவு 12 மணிக்கு அவன் கூட்டாளிகளின் போன்கள் அதிர்ந்துகொண்டே இருந்தனவாம். இவனுக்கு, தான் கமிட் ஆன கல்லூரியிலிருந்து ஒரே ஒரு படம் வந்தது. பெயர் மட்டும் மாற்றி எல்லாருக்கும் அனுப்புகிற படம். நவம்பரில் அங்கே தலைமைக் கோச்சை நீக்கினார்கள். எங்களுக்குக் கைகொடுத்த கோச்சும் வேறு இடம் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஜனவரியில் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். "உன்னை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் மற்ற வாய்ப்புகளையும் பார்த்து வைத்துக்கொள்" என்றார்.

போனை வைத்துவிட்டு, "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, முகாம்களுக்குப் போய் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று இருந்தபோது மார்ச்சில் கோவிட். பெரிய டிவிஷன் கல்லூரிகள் யாரையும் நேரில் பார்க்கக்கூடாது என்று என்.சி.ஏ.ஏ. நிறுத்திவைத்தது. அந்தத் தடை 2021 மே கடைசிவரை நீண்டது. அதோடு, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த மாணவர்களுக்கு இன்னொரு வருடம் ஆடலாம் என்று அனுமதியும் கிடைத்தது. அவர்கள் பக்கம் அது நியாயம்தான். 2021இல் பள்ளி முடிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் சுருங்கிப்போனது.

எங்களைக் காப்பாற்றியது அவன் மார்க்தான். பிராக்டிஸ் முடிந்து இரவு பத்து மணிக்கு அவனை உட்கார வைத்துக் கணக்கு போட வைத்ததற்காக என்னோடு எத்தனை சண்டை போட்டிருப்பான்! பெரிய டிவிஷனுக்கு என்.சி.ஏ.ஏ. கேட்கும் 16 முக்கியப் பாடங்களில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அதெல்லாம் முடித்து மேலேயும் வைத்திருந்தான். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்து, படிப்பில் நல்ல பெயர் உள்ள 60 கல்லூரிகளைப் பட்டியல் போட்டோம். ஒவ்வொரு மெயிலையும் அவனே எழுதினான். தலைப்பு வரியில் பள்ளி முடிக்கும் வருடம், பொசிஷன், உயரம், எடை, ஜி.பி.ஏ. (சராசரி மார்க்). உயரத்தைக் கூட்டிப் போட வேண்டாம் என்று அவனே சொன்னான். வீடியோவில் சிறந்த மூன்று காட்சிகளை முன்னால் வைத்தோம், ஏனென்றால் கோச்கள் அதற்குமேல் பொறுமையாகப் பார்ப்பதில்லை. டிஃபென்சிவ் எண்ட் என்று இருந்ததை லைன்பேக்கர் (தடுப்பு வரிசைக்குப் பின்னால் ஆடுபவர்) என்று மாற்றினோம். 6 அடி 1 அதற்குப் போதும்.

22 பதில் வந்தது. அதில் பாதிக்குமேல் டிவிஷன் 3, அதாவது என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவு, கல்லூரிகள். அங்கே விளையாட்டுக்கு என்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருவார்கள், படிப்புக்கும் சில இடங்களில் தருவார்கள். ஸ்காலர்ஷிப் இல்லை என்றதும் என் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. பிறகு கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும் கணக்கீட்டில் எங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்த்தோம். ஒரு கல்லூரியில் வந்த தொகை எங்கள் மாநிலப் பல்கலைக்கழகச் செலவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கல்லூரிக் கோச் அவன் மார்க் ஷீட்டை அட்மிஷன் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்பிப் பார்க்கச் சொன்னார். 'விண்ணப்பிக்கலாம்' என்று பச்சைக்கொடி வந்த பிறகுதான் மேற்கொண்டு பேசினோம்.

இந்த முறை கேள்விகளை நான் கேட்டேன். இந்த வருடம் எத்தனை லைன்பேக்கர்களை எடுக்கப்போகிறீர்கள்? எத்தனை பேரிடம் இதே மாதிரி பேசுகிறீர்கள்? இன்றைக்கே அவன் வருகிறேன் என்றால் ஏற்றுக்கொள்வீர்களா? நீங்கள் நாளைக்கு வேறு வேலைக்குப் போனால் இவன் இடம் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு அந்தக் கோச் கொஞ்ச நேரம் யோசித்து, "அணியில் இடம் அடுத்த கோச் கையில். ஆனால் சேர்க்கை உன் மகனுடையது, அதை யாரும் எடுக்க முடியாது" என்றார். அந்த ஒரு பதிலில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. 14 வயதில் கேட்க வேண்டிய கேள்விகளை 17 வயதில் கேட்டேன். இப்போது டல்லாஸ் பக்கத்திலிருந்து யாராவது, "அக்கா, பையனுக்கு ஒன்பதாவதுலயே ஆஃபர் வந்திருக்கு" என்று போன் செய்தால், வாழ்த்திவிட்டு இந்த நான்கையும்தான் எழுதி அனுப்புகிறேன். வேறு முகாம்களுக்குப் போவதை நிறுத்தாதீர்கள் என்றும் சேர்த்து எழுதுவேன்.

டிசம்பரில் சேர்க்கைக் கடிதம் வந்தது. 2021 பிப்ரவரியில் பள்ளி ஜிம்மில் கையெழுத்து விழா. எல்லாரும் மாஸ்க். டிவிஷன் 3க்குப் போகும் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு படிவம் தருவார்கள். கொண்டாட்டத்துக்காக மட்டும், அதில் கையெழுத்துப் போட்டாலும் எந்தத் தரப்பும் கட்டுப்படாது. என் மகன் அதை முழுக்கப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, அட்மிஷன் லெட்டர் எங்கே?"

கைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினேன். அவன் பேனாவைத் திறந்தான்.