கணுவுல கட்டு, காம்புல கட்டாத

பிப்ரவரி 9, 2025

அழகர்கோயில் ரோட்டுல இருக்குற ஒரு நர்சரியில இருந்து இன்னைக்கு ஒரு ஃபிலோடென்ட்ரான் வாங்கிட்டு வந்தேன். 6 இஞ்ச் தொட்டி, 5 இலை, 280 ரூவா. அங்க இருந்த அண்ணன் ரெட் ஃபிலோன்னு மட்டும் தான் சொன்னாரு, முழுப்பேரு ஃபிலோடென்ட்ரான் எருபெசன்ஸ், கொலம்பியா காட்டுல மரத்தைப் புடிச்சு ஏறுற கொடி. ஃபிலோடென்ட்ரான்னா கிரேக்கத்துல மரத்தை நேசிக்கிறதுன்னு அர்த்தமாம், 1829ல வியன்னாவுல ஷாட்டுன்னு ஒரு தாவரவியல்காரர் வச்ச பேரு. அந்த பேரு மனசுக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு.

அத்தை பாத்த உடனே, "மணி பிளாண்ட் தான் ஏற்கனவே பிரிட்ஜ் மேல இருக்கே, இன்னொன்னு எதுக்கும்மா"ன்னாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காமிச்சேன். மணி பிளாண்ட்ல புது இலை பழைய இலையோட காம்புல இருந்தே சுருட்டிக்கிட்டு வெளிய வரும். இதுல புது இலைக்குன்னு தனியா ஒரு உறை இருக்கு, ரோஸ் கலர்ல, மெல்லிசா, வாழைப்பூ மடலை சின்னதாக்குன மாதிரி. இலை விரிஞ்சதும் அந்த உறை காஞ்சு பழுப்பு காகிதமாட்டம் ஆகி தானா விழுந்துரும். வேரும் வேற, மணி பிளாண்டுக்கு கணுவுல ஒத்தையா தடிச்ச வேர் வருது, இதுக்கு மெல்லிசா நாலஞ்சு வருது.

அத்தையோட அடுத்த கேள்வி தான் முக்கியமானது, பாப்பா வாயில வச்சா என்ன ஆகும்? ரெண்டு செடியுமே சேனை, சேப்பங்கிழங்கு குடும்பம் தான், இலைக்குள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியா இருக்கு, பச்சையா கடிச்சா நாக்கு, தொண்டை எல்லாம் எரிஞ்சு வீங்கும். சேனை அரிக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு இதை அதுக்கு மேல விளக்க வேண்டியதில்ல. பாப்பாவுக்கு ரெண்டரை வயசு. செடி ஷோகேஸ் மேல போயிருச்சு, மணி பிளாண்ட்டையும் சேத்து ஒசக்க ஏத்தியாச்சு.

பிப்ரவரி 23

ஷோகேஸ் மேல வெளிச்சம் பத்தல, ரெண்டு இலைக்கு நடுவுல தண்டு நீளமா இழுத்துக்கிட்டே போகுது. ஹால்ல கிழக்கு ஜன்னல் பக்கம் சுவத்துல ஸ்டாண்ட் அடிச்சு அங்க மாத்திட்டோம், காலையில செத்த நேரம் இளவெயில் படும், அதுக்கப்புறம் வெறும் வெளிச்சம் தான். பாப்பாவுக்கு எட்டாது.

மார்ச் 16

காலையில பாத்தா புது இலை உறை மேலயும் காம்புலயும் பிசுபிசுன்னு சொட்டு சொட்டா தேன் மாதிரி, நாலு சித்தெறும்பு வேற. மாவுப்பூச்சி வந்துருச்சு போலன்னு நெஞ்சு திக்குன்னு ஆயிருச்சு. டார்ச் அடிச்சு இலை அடி, கணு இடுக்கு எல்லாம் பாத்தேன், வெள்ளையா பஞ்சு மாதிரி எதுவுமே இல்ல. படிச்சு பாத்ததுல தான் தெரிஞ்சது, இந்த சாதிக்கு பூவுல மட்டும் இல்லாம காம்பு, உறையிலயும் தேன் சுரக்குற இடம் இருக்கு, எறும்பை கூப்பிட்டு வச்சுக்கிறதுக்கு. காட்டுல எறும்பு காவல் காக்குமாம். ஈரத்துணியால தொடச்சு விட்டுட்டேன். அந்த சொட்டு காலை வெயில்ல செவப்பு காம்பு மேல நின்னது அப்படியே மாதுளம்பழ முத்து மாதிரி இருந்துச்சு, போட்டோ எடுத்தேன், சரியா விழல.

ஏப்ரல் 20

இலை ஓரம் எல்லாம் பழுப்பா கருகிட்டு வருது. மொதல்ல வெயில்னு நெனச்சேன், அப்புறம் தாகம்னு நெனச்சு காலையில ஒரு சொம்பு சாயங்காலம் ஒரு சொம்பு ஊத்திட்டு இருக்கேன். ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணிய பக்கெட்ல புடிச்சு வச்சுருக்கோம்ல, அது தான், வீணா போகக்கூடாதுன்னு. தொட்டி விளிம்புல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கு, தண்ணி தேங்குன தடம்னு நெனச்சு தொடச்சுட்டேன்.

மே 4

இன்னைக்கு கத்திரி ஆரம்பம். வெளிய 40 டிகிரி, ஃபேன் காத்தே அனலா அடிக்குது. செடி தொங்கிருச்சு. தொட்டிக்கு மூக்கை கொண்டு போனா சாக்கடை வாடை. கவுத்து பாத்தேன். நர்சரி செம்மண்ணு களி மாதிரி இறுகி நடுவுல சொதசொதன்னு இருக்கு, வேரை புடிச்சு லேசா இழுத்தா மேல் தோல் உருவிக்கிட்டு வருது, உள்ள நூல் மட்டும் மிஞ்சுது. வெள்ளை வேர் ஒண்ணு கூட இல்ல.

அழுகை வந்துருச்சு, பொய் சொல்லல.

போன மாசம் ஆர்ஓ சர்வீஸுக்கு வந்த தம்பி தண்ணியில உப்பு எவ்வளவுன்னு (டிடிஎஸ்) மீட்டர் வச்சு காமிச்சது இப்ப தான் ஞாபகத்துக்கு வருது. எங்க போர் தண்ணி 1100, அந்த கழிவு தண்ணி 1800. குடிக்கிற தண்ணியில இருந்து பிரிச்ச உப்பு பூரா அதுல தான் வருது. அம்புட்டையும் நான் இந்த சின்ன தொட்டிக்குள்ள ரெண்டு மாசமா ஊத்திருக்கேன். மண்ணுல உப்பு ஏறுனா ஈரம் இருந்தாலும் வேரால தண்ணிய இழுக்க முடியாது, அதனால தான் ஓரம் கருகுச்சு, அதை பாத்து தாகம்னு இன்னும் ஊத்துனேன், மண்ணுக்குள்ள காத்து இல்லாம மிச்ச வேரும் அழுகிருச்சு. பக்கெட் தண்ணி இனிமே பாத்ரூம் கழுவ மட்டும் தான்.

மே 5

தண்டு மேல்பாதி கெட்டியா தான் இருக்கு. கையில உறை போட்டுக்கிட்டு (பால் பட்டா அரிக்கும்) கத்திய ஸ்பிரிட்ல தொடச்சு, ஒவ்வொரு கணுவுக்கும் கீழ ஒரு விரக்கடை விட்டு வெட்டுனேன். மூணு துண்டு தேறுச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு கணு, ஒரு இலை. கணு தான் உசிர், இலையும் காம்பும் மட்டும் வச்சா எத்தனை நாள் தண்ணியில நின்னாலும் கொடி வராது. பூஸ்ட் பாட்டில்ல கார்ப்பரேஷன் தண்ணி, கணு மட்டும் முங்குற அளவு. வெயிலுக்கு பாட்டில் தண்ணி சூடாகுதுன்னு அடுப்படியில மண்பானை இருக்குற மூலையில வச்சேன், மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்தணும்.

மே 12

இன்னைக்கு அழகர் ஆத்துல எறங்குனாரு. சோழவந்தான் பக்கத்துல இருந்து பெரிய மாமா நேத்தே வந்து வீட்டுல தங்கி, நடு ராத்திரிக்கு மேல கிளம்பி போயி, பாத்துட்டு வெயில் ஏறுறதுக்குள்ள வந்துட்டாரு. தண்ணி பீய்ச்சுற கூட்டத்துல நனைஞ்ச சட்டையோட நேரா அடுப்படி வந்து பானையில மோந்து குடிச்சவரு பாட்டிலை பாத்துட்டாரு. "ஏத்தா, இதென்ன வெத்தலக்கொடியா?"

மாமா இருவது வருஷம் கொடிக்கால், அதான் வெத்தலைத் தோட்டம், வச்சிருந்தவரு. பாட்டிலை வெளிச்சத்துக்கு தூக்கி கணுவை ரொம்ப நேரம் பாத்தாரு. அரிசி முனை அளவு வெள்ளையா ரெண்டு புள்ளி. நான் அதை கவனிக்கவே இல்ல. "புடிச்சுக்கிரும். வேர் வந்த உடனே ஏற ஒரு கால் குடுத்துரு, தரையில விட்டுறாத"ன்னாரு.

மே 27

வேர் ரெண்டு இஞ்ச், அதுலயும் கிளை விட்டிருக்கு. மூணுல ஒண்ணு அழுகிருச்சு, ரெண்டு தப்பிச்சது. இந்த தடவை மண்ணே இல்ல. கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) ரெண்டு பங்கு, தேங்கா மட்டைத் துண்டு ரெண்டு பங்கு, கருக்குன உமி ஒண்ணு, மண்புழு உரம் ஒண்ணு. கோகோபீட்லயும் உப்பு இருக்கும், அதனால மூணு தடவை ஊற வச்சு பிழிஞ்சு அலசிட்டு தான் கலந்தேன். கையில அள்ளி அமுக்கி விட்டா உதிர்ந்து விழணும், உருண்டையா நின்னா கெட்டி, அது தான் கணக்கு. ரெண்டையும் ஒரே தொட்டியில வச்சுட்டேன். தண்ணி விரல் விட்டு பாத்து மேல ரெண்டு இஞ்ச் காஞ்சா தான், ஊத்துனா கீழ ஓட்டை வழியா வழியிற வரைக்கும், தட்டுல தேங்குனதை கொட்டிரணும்.

ஜூன் 15

ஞாயித்துக்கிழமை, எல்லாரும் மாமா ஊருக்கு போனோம். சோழவந்தான் வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப மாமா வீட்டுல சர்க்கரை பொங்கல் வச்சாங்களாம், அத்தனைக்கும் அவரு கொடிக்காலை விட்டு வருஷக்கணக்கா ஆச்சு. பக்கத்துல ஒருத்தரோட கொடிக்காலுக்கு கூட்டிட்டு போனாரு. உள்ள நுழைஞ்ச உடனே வெளிய அடிச்ச வெயிலே மறந்துருச்சு, அகத்தி வரிசை வரிசையா நிக்குது, அது தான் கொடிக்கு நிழலும், ஏறுறதுக்கு காலும். கீழ வாய்க்கால்ல ஈரம், மேல சலசலன்னு அகத்தி இலை. கொலம்பியா காட்டை நான் பாத்ததில்ல, ஆனா இந்த கொடி எப்படி ஒரு எடத்துல இருந்து வந்திருக்கும்னு அங்க நின்னப்ப புரிஞ்சுச்சு.

கட்டுறது எப்படின்னு மாமா ஒரு கொடியில காமிச்சாரு. "கணுவுல கட்டு, காம்புல கட்டாத. காம்பை கட்டுனா இலை வெளிச்சத்துக்கு திரும்ப முடியாம முறுக்கிக்கும். கணுவுல வேர் முளைக்கிற பக்கம் மரத்தை பாத்து இருக்கணும், முதுகை குடுத்து கட்டுனா வேர் காத்துல காஞ்சு போகும்." கட்டு ஒரு சுண்டுவிரல் நுழையிற அளவு லூசா, வாழை நார்ல. கம்பியில கட்டுனா தண்டு தடிக்கும்போது வெட்டும், வாழை நார் வேர் புடிக்கிற வரைக்கும் தாங்கிட்டு அப்புறம் தானா மக்கி விழுந்துரும்.

வீட்டுக்கு வந்து பிளம்பர் விட்டுட்டு போன பிவிசி பைப் ஒரு துண்டு, ரெண்டரை அடி, அதுல ஊற வச்ச தேங்கா நாரை கனமா சுத்தி கயிறு கட்டி தொட்டியில நட்டாச்சு. கொடி அரை சாண் கூட இல்ல, இருந்தாலும் கட்டிட்டேன்.

ஜூலை 20

ஆடிக்காத்து. ஜன்னலை தொறந்தா வறட்டு காத்து வந்து புது இலை ஓரத்தை கிழிச்சிருது, பாதி சாத்தியே வச்சிருக்கேன். நார் அரை நாள்ல காஞ்சுருது, காலையில ஒருக்கா ராத்திரி ஒருக்கா பைப் மேல இருந்து மெதுவா தண்ணி விடுறேன். இலை மேல ஸ்பிரே அடிக்கிறதை விட்டுட்டேன், நம்ம ஊரு காத்துல அஞ்சு நிமிஷத்துல காஞ்சுரும், நார் நனைஞ்சா தான் வேருக்கு ஈரம் நிக்கும்.

ஆகஸ்ட் 17

மாவுப்பூச்சி இந்த தடவை நெசமாவே வந்துச்சு, செம்பருத்தியில இருந்து. பட்ஸ்ல ஸ்பிரிட் தொட்டு எடுத்துட்டு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைசல், சாயங்காலமா வாரத்துக்கு ஒருக்கா மூணு வாரம். போயிருச்சு.

அதை விட பெரிய சேதி, கீழ் கட்டு வாழை நார் இன்னைக்கு அறுந்து கெடந்துச்சு, கொடி நகரவே இல்ல. விரலால மெதுவா அசைச்சு பாத்தேன். மூணு வேர் நாருக்குள்ள போயி கெட்டியா புடிச்சிருக்கு. நுனி மட்டும் பச்சையும் வெள்ளையுமா தெரியுது.

அக்டோபர் 19

நாளைக்கு தீபாவளி. நேத்து ராத்திரி மழை, மாடியில அண்டா குண்டா எல்லாம் வச்சு புடிச்சேன், எட்டு பாட்டில் தேறுச்சு, அது பூரா இதுக்கு தான், அத்தையும் ஒண்ணும் சொல்லல.

இலை எல்லாத்தையும் டேப் வச்சு அளந்தேன். ஜூன்ல வந்தது 3 இஞ்ச், அடுத்தது நாலு, அப்புறம் நாலரை, அஞ்சே முக்கா, இன்னைக்கு விரிஞ்சு முடிஞ்சது ஏழு. நர்சரியில இருந்து வந்தப்ப இருந்ததுலயே பெருசு 6 தான். குச்சியில ஒட்டி மேல போகப் போக இலை பெருசாகுது. இந்த கடைசி இலை இன்னும் கெட்டிப்படல, அடிப்பக்கம் பீட்ரூட் நெறம், நடு நரம்பு ரோஸ், உறை இன்னும் காயாம இலை கழுத்துல தொங்குது. பாப்பா கீழ நின்னு "சட்ட கழட்டுது"ன்னு சொல்லிட்டே இருக்கா.

மாமாவுக்கு வீடியோ கால் போட்டு காமிச்சேன். இலைய பத்தி ஒண்ணும் சொல்லல, போனை கீழ கொண்டு போ, கீழ கொண்டு போன்னு சொல்லி ஒவ்வொரு கணுவா பாத்தாரு. நாலாவது கணு குச்சிய விட்டு ஒரு விரல் தள்ளி நிக்குது, நான் கவனிக்கல. "அதை இன்னைக்கே கட்டிரு த்தா, நாளைக்கு பலகாரம் அது இதுன்னு மறந்துருவ." வாழை நார் ஊற போட்டிருக்கேன், முறுக்கு சுட்டு முடிச்சதும் கட்டணும்.